கீழே பொடி எழுத்தில்

தேர்தல் நோட்டீஸ் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் கடைசி வரியைத்தான் படிப்பேன். வேட்பாளர் முகம், சின்னம், வாக்குறுதி எல்லாம் அப்புறம். அடியில் ஆறு பாயிண்டிலோ ஏழு பாயிண்டிலோ அச்சிட்டவர் பேரும் ஊரும், வெளியிட்டவர் பேரும் விலாசமும், எத்தனை பிரதி என்ற கணக்கும் இருக்கும். அந்த வரி இல்லாமல் நோட்டீஸ் வெளியே போனால் வேட்பாளருக்கு முன்னால் அச்சடித்த நான் உள்ளே போவேன். 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127-ஏ என்று ஒரு பிரிவு. ஆறு மாதம் வரை ஜெயில், இல்லையென்றால் 2,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். வெளியிடுகிறவர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி வாங்க வேண்டும். அவரைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வேண்டும். அச்சடித்த மூன்று நாளுக்குள் பிரதிகளோடு கலெக்டர் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகிற வரைக்கும் அதற்காகத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தோம்.

முப்பத்தைந்து வருஷமாக இந்தப் படிவத்தை நிரப்புகிறேன். அச்சடித்தவன் யார் என்று அது கேட்கிறது. வெளியிட்டவன் யார், சாட்சி யார், எத்தனை பிரதி, கூலி எவ்வளவு என்று கேட்கிறது. அந்தக் கூலி யார் பையிலிருந்து வந்தது என்று கேட்க ஒரு கட்டம்கூட அதில் கிடையாது. கடையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு மட்டும் அது தெரியும்.

பிரஸ் அப்பா ஆரம்பித்தது. 1968-ல் பழைய டிரெடில் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, சினிமா பிட் நோட்டீஸ், சீசன் வந்தால் குற்றாலத்து லாட்ஜ்களுக்குப் பில் புக். ஆனி, ஆடியில் சாரல் பிடித்துவிட்டால் பேப்பர் பதம் ஏறித் தொய்ந்துவிடும். இரண்டு கலர் ஓட்டினால் ஒன்றின் மேல் ஒன்று உட்காராது, மை காய இரண்டு நாள் ஆகும். சட்டமன்றத் தேர்தல் பெரும்பாலும் கோடையில் வருவதால் தப்பித்தோம். அடித்த கையோடு காய்ந்துவிடும்.

எனக்கு அந்தக் காலத்தில் பிடித்த வேலை நன்கொடை ரசீது. தேர்தல் நிதி வசூலுக்குக் கட்சிக்காரர்கள் ரசீது புத்தகம் அடிக்கக் கொடுப்பார்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய். கம்யூனிஸ்ட் தோழர்கள் மழைக்குக் குடைகூட இல்லாமல் வந்து புரூஃப் பார்ப்பார்கள். நம்பரிங் மெஷினை நான்தான் தட்டுவேன். ரசீதில் ஒரு நம்பர், அடிக்கட்டையில் அதே நம்பர். "எழுத்துல பிழை வந்தாப் பாத்துக்கலாம்ல, நம்பர்ல வந்தா நம்ம மானம் போயிரும்" என்பார் அப்பா. பீடி சுற்றுகிற அம்மா கொடுத்த இரண்டு ரூபாய்க்கும் அடிக்கட்டையில் அவள் பேர் இருக்கும். தென்காசி மக்களவைத் தொகுதியில் 2004-லும் 2009-லும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஜெயித்தது. அந்த ரசீதுகளால்தான் ஜெயித்தார்கள் என்று சொல்ல நான் அவ்வளவு அப்பாவி இல்லை. கூட்டணி என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கூட்டணிக்கும் ஒரு விலை உண்டு என்று பின்னால் ஒரு கணக்கில் பார்த்தோம். 2019 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. தேர்தல் ஆணையத்தில் கொடுத்த செலவுக் கணக்கில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி என்று இருந்தது. கணக்கில் எழுதி வங்கி வழியாகக் கொடுத்ததுதான். இருந்தாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த இரண்டு ரூபாய் அடிக்கட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன.

இன்னொரு நன்கொடை வேலையும் இந்த ஊரில் உண்டு. காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரம் சிதைந்து ரொம்பக் காலம் மொட்டையாகவே நின்றது, 1990-ல்தான் திரும்ப எழுந்தது. கோயில் காரியம் என்றால் கொடுத்தவர் பேரை விடமாட்டோம். வெளிச்சம் மறைந்தாலும் சரி என்று ட்யூப் லைட்டின் மேலேயே 'உபயம்' எழுதுகிற ஜாதி நாம். திருப்பணி நோட்டீசுக்கு என்னிடம் வந்து, "எம் பேரு அவரு பேரை விடப் பொடுசா இருக்கே" என்று சண்டை போட்ட பெரிய மனுஷர் ஒருவர், அடுத்த மாதம் தேர்தல் போஸ்டருக்கு அட்வான்ஸ் கொடுக்க வந்தபோது பில்லில் பேர் கேட்டேன். "கோயிலுக்குன்னா பெருசாப் போடுங்க அண்ணாச்சி. இதுக்கு எதுக்கு எம் பேரு?" என்று சிரித்தார்.

டி.என். சேஷன் 1990 டிசம்பரில் தலைமைத் தேர்தல் ஆணையராக வந்த பிறகுதான் எங்கள் தொழிலுக்கு பில் என்ற பயமே வந்தது. அதற்கு முன்னால் சிட்டையில் எழுதுவோம், ஜெயித்தவரிடம் கேட்போம், தோற்றவரிடம் கேட்க மாட்டோம். இரண்டு பேரிடமும் பாதி வராது. ஜெயித்தவருக்குக் கொடுக்க மனசு இருக்காது, தோற்றவருக்குக் கொடுக்கக் கை இருக்காது. தேர்தல் வேலைக்கு முழு அட்வான்ஸ் வாங்காமல் பிளேட் போடக் கூடாது என்று நான் சட்டம் போட்டது, ஒரு பாக்கிக்காக ஒருவர் வீட்டு வாசலில் பதினேழு தடவை நின்ற பிறகு.

சேஷனுக்குப் பிறகு பார்வையாளர் வந்தார், வீடியோ எடுக்கிறவர் வந்தார், நிழல் பதிவேடு வந்தது. வேட்பாளர் ஒரு கணக்கு எழுதுவார், தேர்தல் ஆபீஸ் தனியாக ஒரு கணக்கு எழுதும். டீ என்ன விலை, நாற்காலி வாடகை என்ன, ஃப்ளெக்ஸ் சதுர அடி என்ன என்று கலெக்டர் ஆபீசில் பட்டியலே போட்டுவிடுவார்கள். சட்டமன்ற வேட்பாளர் செலவு செய்யலாம் என்று வைத்திருந்த உச்ச வரம்பு 2011-ல் 16 லட்சம், 2016-ல் 28 லட்சம், 2021-ல் 30 லட்சத்து 80 ஆயிரம், 2022-ல் 40 லட்சம் ஆக்கினார்கள். முடிவு வந்த முப்பது நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் நிற்க முடியாது.

அந்த வரம்புக்குள் எப்படி அடங்குகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அச்சகத்தில் உட்கார்ந்தால் ஒரே நாளில் புரியும். நான் புரிந்துகொண்ட நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பகுதிப் பொறுப்பாளர் ஒருவர் வந்து பத்தாயிரம் போஸ்டருக்கு ஆர்டர் கொடுத்தார்.

"இதுல தம்பி பேரு வேண்டாம் அண்ணாச்சி. தலைவர் படமும் சின்னமும் போதும்."

"ஏன், தம்பி நிக்கலையா?"

"நிக்காரு. கணக்குலதான் நிக்கக் கூடாது."

வேட்பாளர் பேரோ படமோ இருந்தால் செலவு அவர் கணக்கில் ஏறும். தலைவர் முகமும் சின்னமும் மட்டும் இருந்தால் அது கட்சியின் பொதுப் பிரசாரம். வேட்பாளருக்குத்தான் உச்ச வரம்பு, கட்சிக்குக் கிடையாது. இந்தக் கதவு எப்படித் திறந்தது என்று வக்கீல் வாடிக்கையாளர் ஒருவர் எனக்குச் சொன்னார். டெல்லி சதர் தொகுதி வழக்கில் 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்குத் தெரிந்தே கட்சி செய்கிற செலவும் அவர் செலவுதான் என்று தீர்ப்புச் சொன்னது. பெரிய பணம் ஜனநாயகத்தை என்ன செய்யும் என்று அந்தத் தீர்ப்பில் நீதிபதி பகவதி விரிவாகவே எழுதியிருக்கிறாராம். அதே மாதம் அவசரச் சட்டம் வந்து தீர்ப்பைச் செல்லாமல் ஆக்கியது. 2003-ல் திருத்தி ஓட்டையைக் கொஞ்சம் அடைத்தார்கள், ஆனாலும் கட்சியின் பொதுச் செலவுக்கு வரம்பு வரவே இல்லை. ஒரே பிளேட்டில் முதலில் ஆயிரம் ஓட்டிவிட்டு, பேர் இருந்த இடத்தை மட்டும் அழித்து, மிச்ச ஒன்பதாயிரத்தை ஓட்டியிருக்கிறேன். போஸ்டர் ஒன்றுதான், கணக்கு இரண்டு. ஒட்டுகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது.

துட்டோடு வருகிறவர்கள் யார்? பெரும்பாலும் கட்சிக்காரர்கள் இல்லை. குற்றாலம் சீசன் ஊர். ஜூனிலிருந்து மூன்று மாதம் அருவியை நம்பி நடக்கிற வியாபாரம். வாகன நிறுத்தம் ஏலம், கடைகள் ஏலம். ஏலம் எடுத்தவருக்கு நான் டோக்கன் புத்தகம் அடிக்கிறேன், கார் இவ்வளவு, வேன் இவ்வளவு என்று. ஏலத் தொகை ஏறுவதை நான் நோட்டீஸில் பார்ப்பதில்லை. டோக்கனில் அடிக்கச் சொல்லுகிற ரூபாயில் தெரிந்துவிடும். அப்புறம் ரிசார்ட்காரர்கள், ரோடு காண்டிராக்டர்கள், மனை போடுகிறவர்கள். எல்லாருக்கும் மேலே கல்குவாரி. இவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. என் பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ் இவர்களுடைய லெட்டர் பேடிலிருந்தும் பில் புக்கிலிருந்தும் வந்ததுதான்.

எங்கள் மாவட்டத்தில் ஐந்து தொகுதி. அதில் ஒன்று, ஒரு தேர்தல். எது என்று சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை. காலையில் ஒரு கட்சியின் நோட்டீசுக்கு ஒரு தம்பி வந்து கட்டுக் கட்டாகப் பணம் எண்ணிக் கொடுத்தான். சாயங்காலம் எதிர்க் கட்சியின் நோட்டீஸ் வேலைக்கு அதே தம்பி வந்தான். சட்டையை மட்டும் மாற்றியிருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முதலாளி ரெண்டு பக்கமும் சொந்தக்காரரு" என்றான். உறுதிமொழிப் படிவத்தில் இரண்டு வெளியீட்டாளர், இரண்டு விலாசம், நாலு சாட்சி. எல்லாம் சட்டப்படி சுத்தம். நானும் இரண்டையும் கலெக்டர் ஆபீசில் சேர்த்தேன்.

அந்த முதலாளியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தென்காசித் தொகுதியில் 2016-ல் அ.தி.மு.க.வின் செல்வமோகன்தாஸ் பாண்டியன் காங்கிரசின் பழனி நாடாரை 462 ஓட்டில் ஜெயித்தார். 2021-ல் அதே இரண்டு பேர், இந்தத் தடவை பழனி நாடார் 370 ஓட்டில் ஜெயித்தார். தபால் ஓட்டு விஷயமாகக் கோர்ட்டுக்குப் போய், 2023 ஜூலையில் திரும்ப எண்ணி, அதே முடிவு நின்றது. பக்கத்தில் கடையநல்லூரில் 2016-ல் வித்தியாசம் 1,194. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பக்கம் மட்டும் துட்டுக் கட்டுகிறவன் வியாபாரியே இல்லை. 370 ஓட்டு என்றால் எங்கள் தெருவும் அடுத்த தெருவும். அவ்வளவு சின்ன வித்தியாசத்தில் ஜெயிக்கிற ஆளுக்கு ஒவ்வொரு வாக்காளனும் ராஜா என்றுதான் தோன்றும். அந்த ஒரு மாதம் ராஜாதான். ராஜாவுக்குக் கவரும் வரும்.

கவர் விஷயத்தில் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒருவர் வந்து எட்டாயிரம் சின்னக் கவர் கேட்டார், மொய்க் கவர் அளவு. "என்ன அடிக்கணும்?" என்றேன். "ஒண்ணும் அடிக்க வேண்டாம். வெறும் கவர் போதும்" என்றார். பிரஸ்காரனிடம் வந்து ஒன்றும் அடிக்க வேண்டாம் என்கிற ஆர்டர். புரியாமல் இல்லை. பெரிய வீட்டுக் கல்யாணமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒட்டிக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து அதில் ஒன்று என் வீட்டுக் கதவிடுக்கிலேயே கிடந்தது. பசை ஒட்டின விதத்தைப் பார்த்ததும் என் சரக்கு என்று தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரி உள்ளே இருந்ததை எண்ணிப் பார்த்துவிட்டு, "எதிர் வீட்டுக்கு ஒரு ஓட்டுக் கூட, அவுகளுக்கு ஜாஸ்தி" என்றாள். அதற்குப் பிறகு வெறும் கவர் ஆர்டர் எடுப்பதில்லை. கதவிடுக்கில் வந்ததைத் திருப்பிக் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள்.

2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலிலிருந்து ஓட்டுக்குத் துட்டுக் கொடுப்பதற்கு அந்த ஊர் பேரிலேயே ஒரு ஃபார்முலா என்றாகிவிட்டது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் பணப் பட்டுவாடாவால் தள்ளிப்போய் ரத்தாகின. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர். 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலையே நிறுத்தினார்கள். தேர்தல் பணத்தைப் பற்றிய வெளிநாட்டுப் பேச்சு நமக்குப் பாதிதான் பொருந்தும். அங்கே கொடையாளி பணம் விளம்பரத்துக்குப் போகிறது. இங்கே கொடையாளி கொடுத்ததில் ஒரு பங்கு வாக்காளன் வீட்டுக் கதவிடுக்குக்கே வந்து சேர்கிறது. வாங்கியவன் பிற்பாடு சட்டமன்ற உறுப்பினரிடம் போய்க் கேள்வி கேட்கும்போது குரல் ஒரு சுதி இறங்கித்தான் இருக்கிறது. அதை நான் கடை வாசலிலேயே கேட்டிருக்கிறேன். "நீருதான் வாங்கிட்டீருல்லா வே" என்று பக்கத்தில் நிற்கிறவனே வாயை அடைத்துவிடுவான். என்னைக் கேட்டால் அந்த ஐந்நூறு ரூபாய் ஓட்டை வாங்குவதைவிட இந்த வாயைத்தான் நன்றாக வாங்குகிறது. ஓட்டை எப்படியும் அவன் மனசுப்படிதான் போடுகிறான்.

தேர்தல் பத்திரம் என்று ஒன்று வந்ததே, அதை அச்சுத் தொழில்காரன் என்ற முறையில் நான் ரொம்ப ஆவலாகக் கவனித்தேன். 2018 ஜனவரியில் அறிவித்தார்கள். ஆயிரம், பத்தாயிரம், லட்சம், பத்து லட்சம், ஒரு கோடி என்று ஐந்து மதிப்பு. ஸ்டேட் வங்கியில் வாங்கலாம், பதினைந்து நாளுக்குள் கட்சி மாற்றிக்கொள்ள வேண்டும். பத்திரத்தில் வாங்கியவர் பேரும் இல்லை, பெறுகிற கட்சி பேரும் இல்லை. டூரிங் டாக்கீஸ் டிக்கெட்டுக்குக்கூட நம்பர் போட்டுக் கொடுத்த பிரஸ் எங்களுடையது. கோடி ரூபாய்ச் சீட்டில் கண்ணுக்கு நம்பரே தெரியவில்லை. அந்த ஏப்ரலிலேயே பூனம் அகர்வால் என்ற டெல்லிப் பத்திரிகையாளர் ஆயிரம் ரூபாய்ப் பத்திரத்தை வாங்கிப் பரிசோதனைச் சாலையில் கொடுத்து, புற ஊதா விளக்கில் மட்டும் தெரிகிற எண் ஒன்று ஓரத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அடிக்கட்டை இருக்கத்தான் செய்தது. ஓட்டுப் போடுகிறவன் கண்ணுக்குத் தெரியாத மையில் இருந்தது.

2024 பிப்ரவரி 15-ல் ஐந்து நீதிபதிகள் அந்தத் திட்டம் செல்லாது என்றார்கள். அதுவரை முப்பது தவணையில் ஏறக்குறைய 16,518 கோடிக்குப் பத்திரம் விற்றிருந்தது. கணக்கைக் கொடுக்க ஜூன் கடைசி வரை அவகாசம் கேட்ட வங்கிக்கு ஒரு நாள்தான் கிடைத்தது. பட்டியல் வந்தபோது முதலிடத்தில் நம் கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி அதிபர் சாண்டியாகோ மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் நிறுவனம், 1,368 கோடி. தி.மு.க. தான் பெற்ற 656 கோடியே 50 லட்சத்தில் 509 கோடி அந்த நிறுவனத்திடமிருந்து வந்தது என்று தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. திரிணமூல் காங்கிரசுக்கு அதைவிட அதிகம். பா.ஜ.க.வுக்கும் 100 கோடி. நாடு முழுக்கப் பத்திரம் வழியாக அதிகம் வாங்கிய கட்சி பா.ஜ.க. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் பத்திரம் வாங்கவில்லை. லாட்டரிச் சீட்டு தமிழ்நாட்டில் 2003-லிருந்து தடை. தடை இருக்கிற ஊரின் கட்சிக்கு லாட்டரி நிறுவனம் ஏன் கொடுக்கிறது என்று டீக்கடையில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கொடுத்தவர் வந்து சொன்னால்தான் உண்டு.

என்னிடம் வருகிற ரிசார்ட்காரர் தொகுதி ஆளுக்குக் கொடுக்கிறார், பெரிய நிறுவனங்கள் ஏன் தொகுதிப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்று முன்னெல்லாம் யோசிப்பேன். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் விடை இருக்கிறது. கொறடா சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டால் பதவி போகும். சட்டம் எப்படி வர வேண்டும் என்று நினைக்கிறவன் 234 பேரைத் தேடிப் போக வேண்டியதில்லை, மேலே இரண்டு மூன்று வீட்டு வாசலுக்குப் போனால் போதும். கீழே வருகிற துட்டு சட்டத்துக்காக வருவதில்லை. லைசென்ஸ், டெண்டர், மாற்றலாகி வருகிற அதிகாரி யார், போட்ட கேஸ் நிற்குமா என்று இதற்கெல்லாம்தான். ஆக நம் உறுப்பினருக்கு எஜமான் வாக்காளர், துட்டுக் கொடுக்கிறவர் என்று இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். சீட் கொடுக்கிறவர் மூன்றாவது. 2021-ல் பெரிய கட்சிகள் விருப்ப மனுவுக்கே பதினைந்தாயிரம், இருபத்தைந்தாயிரம் என்று கட்டணம் வாங்கின. நேர்காணலுக்குப் போய்வந்த ஒருவரிடம், என்ன கேட்டார்கள் என்றேன். "'எவ்வளவு செலவு பண்ணுவீரு'ன்னாங்க, அவ்வளவுதான்" என்றார். விசிட்டிங் கார்டு மட்டும் ஆயிரம் அடித்துவைத்திருந்தார். சீட் கிடைக்கவில்லை. கார்டுக்கு மட்டும் முழுத் தொகை வந்துவிட்டது, அட்வான்ஸ் புண்ணியத்தில்.

ஜெயித்த மறுநாள் வருகிற ஆர்டரைத்தான் நான் ரொம்ப ரசிப்பேன். 'வாக்காளப் பெருமக்களுக்கு நன்றி' என்று ஃப்ளெக்ஸ். நன்றி வாக்காளருக்கு, கீழே வரிசையாக வட்டத்துக்குள் முகங்கள். எந்த முகம் எந்த அளவு என்பதை டிசைன் போடுகிற பையன் முடிவு செய்ய முடியாது, சீட்டில் எழுதிக் கொண்டுவருவார்கள். அந்த அளவுகளைப் பார்த்தால் அடுத்த ஐந்து வருஷம் யார் போனை அவர் முதல் மணியிலேயே எடுப்பார் என்று சொல்லிவிடலாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்த பிறகு கொஞ்ச நாள் ஃப்ளெக்ஸ் வேலையே நின்றது. அந்தக் கொஞ்ச நாளில் யார் யாருக்கு நெருக்கம் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

இதையெல்லாம் சொல்லி, வாக்காளனுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை என்று முடித்தால் அது பொய். ரேஷன் கடைக் கட்டடம், சுடுகாட்டுப் பாதை, பஸ் நிழற்குடை, பள்ளிக்கூடச் சுவர், கொடைக்கு வருகை, சாவுக்கு மாலை. எங்கள் பக்கத்து உறுப்பினர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் இதற்கெல்லாம் ஓடித்தான் வருகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற காரியத்தில் வாக்காளனுக்குப் பதில் சொல்லாமல் இந்த ஊரில் 370 ஓட்டுகூட வாங்க முடியாது. டல்லாஸில் இருக்கிற என் மகன் ஒரு தடவை போனில், கிலன்ஸ், பேஜ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2014-ல் எழுதிய ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னான். 1,779 கொள்கை விஷயங்களை எடுத்துப் பார்த்ததில் அமெரிக்காவில் பணக்காரர் விருப்பத்துக்குச் செல்வாக்குத் தெரிந்ததாம், சாதாரண ஆள் விருப்பத்துக்குத் தனியாக ஏறக்குறைய ஒன்றுமே தெரியவில்லையாம். அதை மறுத்தவர்கள், பத்தில் ஒன்பது விஷயத்தில் இரண்டு தரப்பும் ஒன்றையேதான் விரும்புகிறார்கள் என்றார்களாம். அது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ரோடு எல்லாருக்கும் வேண்டும். குவாரிக்காரருக்கும் வேண்டும், கீழே இருக்கிற கிராமத்துக்கும் வேண்டும். ரோடு போட்டால் இரண்டு பேரும் கைதட்டுவார்கள். அந்த ரோட்டில் ராத்திரி பகலாக என்ன போகிறது என்ற கேள்வி வரும்போதுதான் விருப்பம் இரண்டாகப் பிரிகிறது.

தென்காசியில் இருப்பவர்களுக்கு இது புதுசில்லை. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றின டாரஸ் லாரிகள் செங்கோட்டை வழியாகப் புளியரை எஸ் வளைவில் ஏறிக் கேரளாவுக்குப் போவதை வருஷக் கணக்காகப் பார்க்கிறோம். கனிமவளம் போகிறது என்று எல்லாக் கட்சியும் போஸ்டர் அடிக்கும். பல கட்சிக்கு நானே அடித்திருக்கிறேன். ஆட்சியில் இருக்கும்போது அடிக்காது, இல்லாதபோது அடிக்கும். வாசகத்தை மாற்றக்கூட வேண்டியதில்லை, கொடிக் கலரை மாற்றினால் போதும். இயற்கை அருவியின் தண்ணீரைத் திருப்பித் தனியார் ரிசார்ட்டுக்குள் அருவி உண்டாக்கும் விவகாரமும் அப்படித்தான். அதற்குப் பதில் சட்டமன்றத்திலிருந்து வரவில்லை. 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அப்படிப்பட்ட இடங்களை மூடச் சொன்ன பிறகுதான் அதிகாரிகள் பூட்டோடு புறப்பட்டார்கள்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு கடை முன்பக்கம் டி.டி.பி. போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் கூட்டம் அதிகம், மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு மனு அடிக்க வருவார்கள். போன மாதம் ஒரு அம்மா வந்தாள். குவாரிக்குக் கீழே இருக்கிற சின்ன ஊர். வெடி போட்டால் வீட்டுச் சுவர் விரிகிறது, கிணற்றில் தண்ணி இறங்கிவிட்டது, லாரித் தூசியில் பேரனுக்கு மூச்சு இழுக்கிறது. சொல்லச் சொல்லவே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மனு என் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. தேடினேன். ஐந்து தடவை அடித்திருக்கிறோம். அனுப்புநர் அதே அம்மா. பெறுநரில் இரண்டு ஆள் மாறியிருந்தார்கள், தேதி மாறியிருந்தது, பேரன் வயது மாறியிருந்தது. 

"புதுசா எழுத வேண்டாம்மா, பழசையே மாத்தித் தந்துருதேன்" என்றேன்.

"மாத்தித் தாங்க ஐயா. ஆனா இதுக்கு முன்னால அஞ்சு தரம் எழுதிருக்கம்னு அதையும் போடுங்க."

மனுவில் 'பொருள்' என்பதற்குக் கீழே 'பார்வை' என்று ஒரு பகுதி வரும், முன்னால் அனுப்பின கடிதங்களைத் தேதியோடு குறிக்க. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வரிசையாக அடித்தேன். விஷயம் ஒரு பக்கத்துக்குள் நிற்கவில்லை. எழுத்தின் அளவைக் குறைத்துப் பார்த்தேன். அவளுக்குப் படிக்க முடியாமல் போகும் என்று பழையபடியே வைத்து, இரண்டாவது பக்கம் போட்டேன். பெருவிரல் ரேகை வைக்க மைப் பெட்டியைத் திறந்து கொடுத்தபோது, "இதுல எங்க ஐயா வைக்கணும்?" என்றாள். கடைசி வரியைக் காட்டினேன்.